சோலாரிஸ் சர்வர் தரவை விண்டோஸ் சர்வரின் டேப்பில் எடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தின் சோலாரிஸ் 10 (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வரில் சுமார் 300 ஜிபி தரவு இருக்கிறது. டேப் டிரைவ் (எல்டிஓ-4 வகைக் காந்த நாடா இயக்கி) இருப்பதோ விண்டோஸ் சர்வர் 2003 கணினியில். தரவு அடைவை சம்பா (யூனிக்ஸ் கோப்புகளை விண்டோஸுடன் பகிரும் மென்பொருள்) மூலம் பகிர்ந்து, என்டிபேக்கப் (விண்டோஸுடன் வரும் பேக்கப் நிரல்) கொண்டு டேப்பில் எழுதுகிறேன். இரவு முழுவதும் ஓடியும் முடிவதில்லை. டேப் நின்று நின்று சுழல்கிறது. அதைவிடப் பெரிய கவலை, சோதனைக்காக ஓர் அடைவை மீட்டபோது எல்லாக் கோப்புகளும் ஒரே பயனர் பெயரில் வந்தன. சிம்பாலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) இருந்த இடங்களில் முழுக் கோப்புகள் இருக்கின்றன. பிணையம் 100 எம்பிபிஎஸ். புதிய மென்பொருள் வாங்க அனுமதி கிடைக்காது.

பதில் 1:
மீட்டுப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. சம்பா வழியாகப் பார்க்கும் விண்டோஸுக்கு யூனிக்ஸ் உரிமையாளரும் அனுமதிகளும் தெரியாது. லிங்க்கைக் கேட்டால் சம்பா அது சுட்டும் கோப்பையே எடுத்துக் கொடுக்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரு பெயர்கள் இருந்தால் அங்கும் குழப்பம் வரும். எனவே கோப்புகளைத் தனித்தனியாக விண்டோஸிடம் கொடுக்காதீர்கள். சோலாரிஸிலேயே ரூட் பயனராக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) டார் (பல கோப்புகளை ஒரே கோப்பாக்கும் கட்டளை) கட்டி, அந்த ஒரே கோப்பை அனுப்புங்கள். விண்டோஸில் சிக்வின் (யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸில் தரும் இலவச மென்பொருள்) நிறுவி அதன் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) சேவையை இயக்கினால், டார் வெளியீட்டை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் வழி) மூலம் நேராக அங்கே எழுதலாம். செலவே இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. சிக்வினில் டேப் டிரைவும் தெரிகிறது. நேரடியாக டேப்பிலேயே எழுதிவிடலாமா? சில கோப்புகள் 10 ஜிபிக்கு மேல் இருக்கின்றன. ஆரக்கிள் தரவுத்தளமும் அதே அடைவில்தான்.

பதில் 2:
நேரடியாக வேண்டாம். 100 எம்பிபிஎஸ் பிணையத்தில் நொடிக்கு 12 எம்பி வருவதே அரிது. எல்டிஓ-4 நொடிக்கு 120 எம்பி எழுதக்கூடியது. டிரைவ் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், ஆனால் அவ்வளவு கீழே இறங்காது. தரவு தீர்ந்ததும் நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி கிளம்பும். டேப் நின்று நின்று சுழல்வதாகச் சொன்னீர்களே, அது இதுதான். டேப்பும் தேயும், ஹெட்டும் (டேப்பைப் படித்து எழுதும் பகுதி) தேயும். முதலில் விண்டோஸ் வட்டில் இறக்குங்கள், பிறகு டேப்புக்கு அனுப்புங்கள். அந்த வட்டின் கோப்பு முறைமை என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும். பழைய முறைமையான ஃபேட்32 ஒரு கோப்புக்கு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. இரு சர்வர்களிலும் கிகாபிட் போர்ட் இருந்தால் ஒரே கேபிளால் நேரடியாக இணைத்துவிடுங்கள்.

சோலாரிஸின் டார் கட்டளை இயல்பாக 8 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைச் சேர்க்காது. பெரிய எழுத்து 'ஈ' (E) என்ற விருப்பத்தைக் கட்டாயம் சேருங்கள்.

ஆரக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவுக் கோப்புகளை டாரில் கட்டினால் அந்தப் பிரதியை நம்ப முடியாது. ஆர்மேன் (ஆரக்கிளின் சொந்த பேக்கப் கருவி) மூலம் தனியாக பேக்கப் எடுத்து, அந்தக் கோப்புகளை டாரில் சேருங்கள். ஜிசிப் (கோப்பைச் சுருக்கும் நிரல்) தேவையில்லை, டிரைவே சுருக்கிக்கொள்ளும்.

கேட்டவர்:
நேரடி கேபிள் இணைத்து, நீங்கள் சொன்னபடியே செய்தேன். டேப் இப்போது நிற்காமல் ஓடுகிறது. டேப்பிலிருந்து டார் கோப்பை மீட்டு, சோலாரிஸில் ரூட் பயனராக வேறோர் அடைவில் பிரித்தேன். உரிமையாளர், லிங்க் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெரிய கோப்புகளின் எம்டி5 (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும்) மதிப்பும் ஒத்துப்போகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 1:
மகிழ்ச்சி. விண்டோஸை மேம்படுத்தும் பேச்சு வந்தால் ஒன்றை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சர்வர் 2008 முதல் விண்டோஸுடன் வரும் பேக்கப் நிரல் டேப்பில் எழுதாது. பழைய டேப்புகளைப் படிக்க 2003 கணினி ஒன்றை வைத்திருங்கள்.