கலைச்சொல்: ‘எட்ஜ் கிரைண்டர்’ – விளிம்பா, ஓரமா? அரைப்பானா, சாணையா?

சொற்கோவைத் தொகுப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான தரைவேலைக் கையேட்டில் ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. கான்கிரீட் தரைக்கு மெருகேற்றும் பெரிய இயந்திரம் சுவரை ஒட்டி வர முடியாமல் ஒரு பட்டையை விட்டுவிடும். அந்தப் பட்டையை முடிக்கும் சின்ன இயந்திரத்துக்குத்தான் சொல் தேடுகிறோம். வேலையிடத்தில் ‘எட்ஜ் கிரைண்டர்’ என்கிறார்கள். ஹார்ட்வேர் கடையில் மலாயில் ‘மெசின் சானாய்’ என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். வரைவில் ‘விளிம்பு அரைப்பான்’ என்று இருக்கிறது. ‘ஓரத் தேய்ப்பி’ என்று மாற்றலாமா? இந்த வேலையைச் செய்பவர்கள் கருத்துச் சொன்னால் நல்லது.

தரை மெருகு ஒப்பந்தக்காரர்:

ஐயா, ‘விளிம்பு’ வேண்டவே வேண்டாம். கிரானைட் கடையில் பலகைக் கல்லின் பக்கவாட்டை உருட்டி மினுக்க ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்வது விளிம்பில். படிக்கட்டின் நுனியும் மேசைக் கல்லின் நுனியும் விளிம்புதான், அதற்கு அப்பால் வெளி. நம் இயந்திரம் வேலை செய்யும் இடத்துக்கு அப்பால் சுவர் நிற்கிறது, அது ஓரம். ‘சுவரோரம்’ என்கிறோம், ‘சுவர் விளிம்பு’ என்றால் சுவரின் மேல்நுனியைத்தான் நினைப்பார்கள். பையன் கடைக்குப் போய் விளிம்புக் கருவி கேட்டால் கல் பக்கத்தைச் சீவுகிற கருவி கைக்கு வரும்.

‘தேய்ப்பி’ என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. துணி தேய்ப்பதை நினைவூட்டுகிறது என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், ஓரத்தில் நடப்பது இரண்டு வேலை, அதற்கு வேண்டியது இரண்டு இயந்திரம். ‘தேய்ப்பி’ இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டு மூடிவிடுகிறது.

முதல் வேலை வெட்டுவது. 125 மில்லிமீட்டர் கிரைண்டரில் வைரத் துகள் பதித்த உலோகக் கிண்ணச் சக்கரம் மாட்டி, 30 நம்பர், 80 நம்பர் என்று மேல்தோலை எடுக்கிறோம் (நம்பர் ஏற ஏறத் துகள் நைசாகும்). நிமிடத்துக்கு 11,000 சுற்று. சக்கரத்தின் சுற்றோரம் நொடிக்கு 72 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உலோகம் அந்த வேகத்தைத் தாங்கும்.

இரண்டாம் வேலை மெருகு. வெல்குரோவில் ஒட்டும் பிசின் வில்லைகள் 100, 200, 400, 800 என்று ஏறும். வில்லையின் முதுகில் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 4,000 சுற்றுக்கு அக்கம்பக்கம்தான். நாங்கள் ஓட்டுவது 1,500 முதல் 2,500 வரை. இதையே 11,000 சுற்றில் ஓட்டினால் பிசின் இளகித் தரையில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். அந்த அப்பல் கான்கிரீட்டின் நுண்துளைக்குள் இறங்கிவிடும், துடைத்தால் போகாது. அந்த இடத்தை மறுபடி உலோகச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓரத்தில் பார்க்கும் கெடுதல்களில் பாதிக்குமேல் இந்த ஒரு குழப்பத்தால் வருகிறது.

ஆகவே பெயரும் இரண்டாக இருக்கட்டும். வேகமாகச் சுற்றி வெட்டுவது ஓரச் சாணை. வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிற, மினுக்குகிற இயந்திரம் ஓர மெருகி.

தொழிற்பயிற்சி ஆசிரியை:

ஒப்பந்தக்காரர் அண்ணனுக்கு வணக்கம். இரண்டு இயந்திரம், இரண்டு பெயர் என்ற பிரிப்பை மனமார ஏற்கிறேன். இரண்டு திருத்தம்.

‘மெருகி’ நிற்காது. துருவி போன்ற சொற்கள் வினையிலிருந்து பிறப்பவை. மெருகு பெயர்ச்சொல். வினை ‘மெருகேற்று’, ஆகவே ஓர மெருகேற்றி. இரண்டு எழுத்து கூடினாலும் பிழையில்லாமல் நிற்கும்.

‘சாணை’ என்றதும் மாணவர்களுக்குக் கத்தி தீட்டுவதுதான் நினைவுக்கு வரும். அது தடையாகுமா? ‘அரை-’ என்று வைத்தால் மாவரைப்பதும் மிளகாய் அரைப்பதும் வந்து நிற்கிறது, அதுவும் வேண்டாம் என்றே படுகிறது.

கையேட்டுக்காக இன்னொன்று. லயத்து வீடுகளிலும் பழைய கோயில் மண்டபங்களிலும் இருக்கிற சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு இந்தக் கருவி ஆகுமா?

தரை மெருகு ஒப்பந்தக்காரர்:

டீச்சர், ‘மெருகேற்றி’ சரி, அப்படியே இருக்கட்டும்.

சாணையைப் பற்றி. கத்தி மட்டும் சாணைக்குப் போகவில்லை, மணிக்கல்லும் சாணையில் பட்டை தீட்டப்படுகிறது. சுழலும் கல்லில் வைத்துப் பொருளின் மேற்பரப்பை எடுப்பதுதான் சாணை. அரைத்தால் பொருளே பொடியாகும். சாணை பிடித்தால் பொருள் நிற்கும், மேல் மட்டும் போகும். தரையில் நமக்கு வேண்டியது இதுதான். உலோகப் பட்டறைகளில் ‘சாணைச் சக்கரம்’ ஏற்கெனவே வழங்குகிறது, ஓரச் சாணை அதே குடும்பத்தில் சேர்ந்துவிடும்.

சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு ஓரச் சாணையே கூடாது. நிறம் மேலே சில மில்லிமீட்டர் பூச்சில்தான் இருக்கிறது. 30 நம்பர் உலோகச் சக்கரம் ஓரத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் அடியில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும், அதை மறைக்க வழியில்லை. அங்கே பழைய மெழுகை முதலில் நீக்க வேண்டும். மெழுகு சூட்டில் உருகி வில்லையை அடைத்துவிடும். பிறகு ஓர மெருகேற்றியில் 200 நம்பர் பிசினிலிருந்து தொடங்கலாம். கீறல் ஆழமாக இருந்தால் மட்டும் 100.

இனி கையேட்டில் கட்டாயம் வர வேண்டியவை.

சக்கரத்தின் *பிணைப்பு*. வைரத் துகளைப் பிடித்திருக்கும் உலோகத்துக்கு இந்தச் சொல் போதும். கெட்டியான கான்கிரீட்டுக்கு மென்பிணைப்பு, மென்மையான கான்கிரீட்டுக்கு வன்பிணைப்பு. தலைகீழாகத் தோன்றுவதால் இங்கே எல்லோரும் தடுமாறுகிறார்கள். காரணத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். கெட்டித் தரையிலிருந்து வருவது நைசான தூள், அது பிணைப்பைத் தேய்க்காது. மேலே நிற்கும் வைரம் மழுங்கிய பிறகும் பிணைப்பு அதை விடாமல் பிடித்திருந்தால் சக்கரம் கண்ணாடி போல வழுவழுப்பாகி, சத்தம் மட்டும் வரும், வெட்டாது. மென்மையான தரையில் உதிரும் மணல் பிணைப்பை அரித்து, இன்னும் கூராக இருக்கும் வைரத்தைக்கூடக் கழற்றிப் போட்டுவிடும், சக்கரம் சீக்கிரம் கரையும். வழுவழுத்த சக்கரத்தைச் சொரசொரப்பான சிமெண்டுக் கல்லில் சில விநாடி ஓட்டினால் வைரம் மறுபடி வெளியே வரும். இதற்கு ‘சக்கரத்தைத் திறத்தல்’ என்று எழுதலாம். கையால் நன்றாக அழுத்தினால் வெட்டும் என்று நினைப்பது தவறு, மோட்டார்தான் எரியும்.

இன்னொரு நுணுக்கம். ஒரே மண்டபத்தில் நடுவும் ஓரமும் ஒரே கெட்டியாக இருக்காது. தரை போடும்போது நடுவை இயந்திரக் கரண்டி அழுத்தி இறுக்கியிருக்கும், சுவரோரத்தைக் கொத்தனார் கையால் பூசியிருப்பார். நடுவுக்கு எடுத்த சக்கரமே ஓரத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டித்தன்மை அறியக் கீறிப் பார்க்கும் பேனாக்களால் நடுவில் ஓரிடம், ஓரத்தில் ஓரிடம் சோதித்துவிட்டுச் சக்கரம் வாங்குங்கள். பழைய ரப்பர் ஸ்டோரைக் கூடமாக மாற்றும்போது இது இன்னும் முக்கியம். ரப்பர் பால் உறைய வைக்க ஊற்றிய ஃபார்மிக் அமிலம் சிந்திய இடங்களில் சிமெண்டை அமிலம் தின்றிருக்கும், மணலும் ஜல்லியும் பிடிப்பில்லாமல் நிற்கும். அங்கே வன்பிணைப்புதான். ரப்பர் பால் காய்ந்த படலத்தை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் சக்கரத்தின் பல்லிடையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

*தூசிமூடி*. சக்கரத்தைச் சுற்றி நின்று தூசியைப் பிடிக்கும் மூடி. இதற்கு ‘கவசம்’ வேண்டாம், அது ஆள் போட்டுக்கொள்வது. முழுவட்ட மூடியோடு ஓட்டினால் மூடியின் தடிப்பு அளவுக்கு ஒரு கோடு சுவரடியில் மிச்சம் நிற்கும். முன்பக்கம் திறக்கும் மூடியாக வாங்கி, திறந்த பக்கம் சுவரைப் பார்க்க வைத்து ஓட்ட வேண்டும். மூடியின் தூரிகையும் சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். சக்கரம் உள்ளே இருந்தால் வெட்டாது, வெளியே நீட்டினால் தூசி தப்பும். இடையில் வளையம் போட்டு உயரத்தைச் சரிசெய்யலாம்.

தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலைத் தழும்பாக்கும், ஆன தழும்பு மாறாது. அமெரிக்காவின் 2016 பணிப் பாதுகாப்பு விதி, கைக் கிரைண்டரின் சக்கர விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி உறிஞ்சல் வேண்டும் என்கிறது. 5 அங்குலத்துக்கு 125, 7 அங்குலத்துக்கு 175. வீட்டு வெக்கூமின் பை சிமெண்டுத் தூளில் வெகு சீக்கிரம் அடைத்துவிடும், அதன் பிறகு அது உறிஞ்சுவதாகச் சத்தம் மட்டும் போடும். வாயை மூடத் துணி கட்டுவது முகமூடி ஆகாது என்றும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மின் பணியாளர்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், இது கையேட்டில் விடுபட்டிருக்கிறது. 7 அங்குலக் கிரைண்டர் 2,400 வாட். 240 வோல்ட்டில் அது 10 ஆம்பியர். வெக்கூம் 1,200 வாட் என்றால் இன்னும் 5. இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் 15 ஆம்பியர், பிளக்கின் உருகி (ஃபியூஸ்) 13 ஆம்பியர். உருகி போனால் நல்லது, போகாமல் பிளக் சூடேறி இளகுவதுதான் ஆபத்து. வெவ்வேறு சர்க்கியூட்டிலிருந்து எடுங்கள்.

தோட்ட மண்டபங்களில் பிளக் பாயிண்ட் ஒரு மூலையில்தான் இருக்கும். 30 மீட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தால் 10 ஆம்பியரில் சுமார் 11 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 4, 5 வோல்ட்டுதான். சுருளில் சுற்றியபடியே ஓட்டாதீர்கள், முழுதும் விரித்துவிடுங்கள்.

இயந்திரத்தின் பெயர்ப் பலகையில் ஒரே சுற்று வேகம் போட்டிருந்தால் அது சாணை, ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று போட்டிருந்தால் அதை மெருகேற்றியாகவும் பயன்படுத்தலாம் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

சொற்கோவைத் தொகுப்பாளர்:

> பெயர்ப் பலகையில் ஒரே சுற்று வேகம் போட்டிருந்தால் அது சாணை

இதைப் பதிவின் விளக்கமாகவே சேர்த்துக்கொள்கிறேன், நன்றி. ஓரச் சாணை, ஓர மெருகேற்றி, கிண்ணச் சக்கரம், பிணைப்பு, தூசிமூடி ஆகியவை முடிந்தன.

இன்னும் ஒன்று. வேலை முடிந்த பிறகு சுவரைச் சுற்றி, வேட்டிக் கரை போல, நிறம் மாறித் தெரியும் பட்டைக்கு என்ன பெயர்? ‘கரை’ என்றே வைக்க நினைத்தேன். ஆனால் பேச்சில் அதுவும் ‘கறை’யும் ஒன்றாகவே கேட்கும். தரைவேலையில் கறை வேறு குற்றம்.

தரை மெருகு ஒப்பந்தக்காரர்:

‘கரை’ வேண்டாம் ஐயா. ஓரப்பட்டை என்று வையுங்கள். “ஓரப்பட்டை விழுந்திருக்கு” என்று பையன்கள் இயல்பாகச் சொல்வார்கள்.

அது ஏன் விழுகிறது என்பதும் பதிவில் வரட்டும். 20க்கு 12 மீட்டர் மண்டபத்தின் சுற்றளவு 64 மீட்டர். பெரிய இயந்திரம் 10 சென்டிமீட்டர் விட்டால் ஓரம் 6.4 சதுர மீட்டர்தான், மொத்தம் 240இல். அது சின்ன வேலை என்று நினைத்துக் கடைசியில் ஒரேயடியாகச் செய்பவர்களுக்குத்தான் பட்டை விழும். ஓரத்தில் ஜல்லி அதிகம் தெரிந்தால், அல்லது நடுவில் எடுத்த ஒரு நம்பரை ஓரத்தில் தாண்டினால், மெருகு ஏறியபின் இரண்டும் சேராது. ஒவ்வொரு நம்பருக்கும் ஓரத்தை முதலில் எடுக்க வேண்டும். 15 முதல் 20 சென்டிமீட்டர் உள்ளே வரை அழுத்தம் குறைத்துக்கொண்டே வந்து கலைத்துவிட வேண்டும். அதன் மேல் பெரிய இயந்திரம் ஏறினால் எல்லைக் கோடு அழியும். சிலிக்கேட் கெட்டியாக்கியையும் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரே நேரத்தில், ஒரே நம்பர் நிலையில் ஊற்றுங்கள். விளக்கெண்ணெய் ஊறிய இடத்தில் அது உள்ளே இறங்காது. சந்நிதிப் படியோரமும் விளக்குத் தண்டின் அடியும் முதலில் எண்ணெய் நீக்க வேண்டிய இடங்கள்.

கையில் பிடிக்கும்போது சக்கரம் முழுத்தட்டையாகப் படிய வேண்டும். ஒரு பக்கம் சாய்த்தால் பிறை வடிவத்தில் குழி விழும். அது 30 நம்பரில் கண்ணுக்குத் தெரியாது, 400இல் மின்னிக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். முந்தைய நம்பரின் கீறல் ஒன்று தெரிந்தாலும் அடுத்ததுக்குப் போகக் கூடாது.

மூலைக்கும் ஒரு சொல் தேவை. வட்டச் சக்கரம் 90 பாகை மூலையின் நுனியைத் தொடவே முடியாது. 125 மில்லிமீட்டர் சக்கரம் நுனியிலிருந்து 26 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், 180 மில்லிமீட்டர் சக்கரம் 37. அந்த முக்கோணத்தை அதிரும் கருவியில் முக்கோண வைரத் தகடு மாட்டித்தான் எடுக்கிறோம். அது சுற்றுவதில்லை, அதிர்கிறது, ஆகவே சாணை என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. ‘மூலைச் சுரண்டி’ என்று எனக்குத் தோன்றுகிறது. டீச்சர் இலக்கணம் பார்த்துச் சொல்லட்டும்.

தொழிற்பயிற்சி ஆசிரியை:

சுரண்டு வினைதான், ‘மூலைச் சுரண்டி’ இலக்கணப்படி சரி அண்ணே. ஆனால் பெயிண்டைச் சுரண்டும் தகட்டையும் எங்கள் பட்டறையில் சுரண்டி என்கிறோம். ‘மூலை அதிர்வி’ என்று வைத்தால் அசைவும் தெரியும், மற்றதோடு குழம்பாது. ‘அதிர்வி’ என்றால் கான்கிரீட் ஊற்றும்போது உள்ளே விடும் கருவி என்று எண்ண வாய்ப்பு உண்டு. ‘மூலை’ முன்னால் இருப்பதால் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

தரை மெருகு ஒப்பந்தக்காரர்:

மூலை அதிர்வி எனக்குச் சம்மதம். பதிவில் இதையும் சேருங்கள்: தகடும் 30, 80 என்று அதே நம்பர் வரிசையில் போக வேண்டும், ஓரச் சாணை அந்த நம்பரை முடித்த உடனே மூலைக்கு வர வேண்டும், பெரிய இயந்திரம் ஏறுவதற்கு முன்னால்.