கொள்ளிவாய்ப் பிசாச கேம்ல எப்படி வைக்கிறது?

கேள்வி: நாங்க நாலு பேரு டேபிள்டாப் (மேசைய சுத்தி உக்காந்து கதை சொல்லி ஆடுற கேம்) ஆடுறோம், நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதைய நடத்துற ஆளு. இந்த தடவ டிராகன் வேணாம்னு மன்னார்குடி பக்கத்து வயக்காட்டையே உலகமா வச்சிட்டேன். கொள்ளிவாய மான்ஸ்டரா மாத்த ஐடியா குடுங்க.

பதில்: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) கேம்ல வில்-ஓ-விஸ்ப்னு ஒரு மான்ஸ்டர் இருக்குல்ல, வெளிச்சம் காட்டி சதுப்புக்குள்ள இழுத்துட்டுப் போயி பயத்தையே தின்னும், கிட்டத்தட்ட அதேதான். சேத்துல செத்தை மக்கி வர்ற மீத்தேன் வாயு எரியிறததான் கொள்ளிவாய்னு சொல்றாங்க, அந்த மாதிரி எடம் வேணும், அதனால முத்துப்பேட்டை அலையாத்திக் காட்ல வைங்க.

பதில்: சண்ட மட்டும் போதாதுங்க, ஊர் எல்லைல மண்குதிரையோட இருக்க அய்யனார என்பிசியா (டன்ஜன் மாஸ்டரே பேசி நடத்துற பாத்திரமா) கொண்டாங்க. ஆனா கத்தி விக்கிற கடைக்காரரா ஆக்கிடாதீங்க, எங்க அப்பாயி கும்பிட்ட சாமி. ராத்திரி காவல் சுத்துவாரு, எல்லைய தாண்டுனா அவர் துணை கிடையாது, இந்த ஒரு ரூல் போதும்.

கேட்டவர்: ரூல் சூப்பர்ங்க! அப்ப கொள்ளிவாய் எல்லைக்கு வெளியதான். சனிக்கிழம ஆடிட்டு சொல்றேன்.