பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படிக்கிறார்கள், பதில் வருவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை, கோட்டையூர் பக்கம்)
வகுப்பில் 31 பிள்ளைகள், குழுவில் 27 எண்கள். வீட்டுப்பாடம், கூட்ட அறிவிப்பு எல்லாம் போடுகிறேன். இன்ஃபோவில் இருபது பேருக்கு மேல் படித்ததாகக் காட்டுகிறது; பதில் போடுவது நாலைந்து பேர்தான். மற்றபடி காலை வணக்கப் படமும் மனை விளம்பரமும். மூன்று அம்மாக்கள் சொல்லாமலே வெளியேறிவிட்டார்கள். எங்கே தவறு?

பதில் 1
டீச்சர், அந்த 27 எண்ணும் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம்ம பக்கம் சேர்க்கைப் படிவத்தில் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பா எண்தான் பல நேரம் இருக்கும். சாயங்காலம் பிள்ளையை உட்காரவைப்பது அப்பத்தாவோ ஆயாவோ. செய்தியைப் படிப்பவர் ஒருவர், நோட்டைப் பார்ப்பவர் வேறொருவர். பிள்ளைக்கு எதிரே "வீட்டில் இருப்பவர் எண்" என்று தனியாக எழுதி வாங்குங்கள். அப்பாவையும் விட்டுவிடாதீர்கள், இங்கே இரவு 8 மணி என்றால் சிங்கப்பூரில் 10.30, துபாயில் 6.30. அவர் பேசும் நேரம் பார்த்து அனுப்புங்கள். குழுவில் எண் இல்லாத மற்ற நான்கு பிள்ளைகளின் வீட்டுக்கும் அதே செய்தி அன்றே துண்டுச்சீட்டில் போக வேண்டும்.

பதில் 2
அம்மாக்கள் வெளியேறுவதற்குப் பெரும்பாலும் காரணம், குழுவில் அவர்கள் எண் எல்லோருக்கும் தெரிவதுதான். அது நியாயமான பயம். குழுவை விட்டு பிராட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, பதில் உங்களுக்கு மட்டும் வரும். குழுவே வேண்டுமென்றால் பெர்மிஷன்ஸில் உறுப்பினர் செய்தி அனுப்புவதை அணைத்துவிடுங்கள். விளம்பரம் அன்றோடு நிற்கும். ஆனால் எண் மறையாது.

கேட்டவர்
பிராட்காஸ்ட் போட்டேன். பாதிப் பேருக்குப் போகவே இல்லையே?

பதில் 2
உங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் போகும். பிள்ளையை அழைக்க வரும்போது வாசலில் நின்றே "நாலாம் வகுப்பு டீச்சர்" என்று சேமித்துக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை, இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

பதில் 3
செய்தியின் வடிவமும் முக்கியம். "பக்கம் 42, பயிற்சி 3 முடிக்கவும்" என்றால் அப்பத்தா என்ன செய்வார்? நாற்பது விநாடிக் குரல் பதிவு போடுங்கள்: "இன்றைக்கு ஏழாம் வாய்ப்பாடு. ராத்திரி சாப்பிடும்போது ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதும் ஒரு கட்டைவிரல் போடுங்கள்." ஒரு பதிவுக்கு ஒரே வேலை, வாரம் மூன்று போதும். மதிப்பெண், திட்டு எதையும் பொதுவில் போடாதீர்கள். பிள்ளை நன்றாக வாசித்தால் அந்த வீட்டுக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பதில் வருவது அதற்குத்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் இதே வழிதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தேதியை நீங்களே முடிவு செய்யாமல் இரண்டு நாள் குறிப்பிட்டு, 1 அல்லது 2 என்று பதில் போடச் சொல்லுங்கள். காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா நாட்களில் மட்டும் வைக்காதீர்கள்.