எடுத்த புத்தகத்தை முடித்தே ஆகவேண்டுமா?

செங்காந்தள் | பிப்ரவரி 2, இரவு 9:50

நேற்று இரவு ஒரு மொழிபெயர்ப்பு நாவலை 312ஆம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். இன்னும் 400 பக்கம் இருக்கிறது. இனி அதை எடுக்கப் போவதில்லை. இந்த முடிவுக்கு வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் வீட்டில் வேறு ஒரு புத்தகத்தைக்கூடத் தொடவில்லை, ஏனென்றால் "கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது" என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

இந்த விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 2019இல் ஒரு செயலியில் ஆண்டுக்கு 50 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். அப்புறம் ஒரு தமிழ் படித்தால் ஒரு ஆங்கிலம். படித்து முடித்ததும் நாலு பத்தி குறிப்பு. வீட்டில் படிக்காமல் கிடப்பதைத் தீர்க்காமல் புதிதாக வாங்கக்கூடாது. முன்பே படித்ததைத் திரும்பப் படித்தால் கணக்கில் சேராது. ஒரு வருடம் டிசம்பரில் 43இல் நின்றேன். 80 பக்கத்துக்குள் அடங்கும் குறுநாவல்களாகத் தேடி ஏழு எடுத்து, 31ஆம் தேதி இரவு 50ஐத் தொட்டேன். அந்த ஏழில் ஒன்றின் கதையைக்கூட இன்று என்னால் சொல்ல முடியாது. நல்ல எழுத்தாளர்கள் எழுதிய ஏழு நல்ல கதைகள் வீணாகிவிட்டன என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

நான் படிக்கத் தொடங்கியது அத்தை வீட்டுப் பரணில். வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து அடுக்கியிருப்பார்கள். சிலவற்றில் முதல் மூன்று அத்தியாயம் இருக்காது, சிலவற்றில் முடிவு இருக்காது. நடுவிலிருந்து படித்தேன், பின்பக்கத்துச் சமையல் குறிப்பையும் சேர்த்துப் படித்தேன். ஒரே தொகுதியை ஒரு கோடை விடுமுறையில் நாலு தடவை படித்தேன். அன்று எந்தக் கணக்கும் இல்லை. வயிற்றில் பசி தெரியாமல் படுத்துக் கிடந்த அந்த மதியங்கள்தான் என்னை வாசகியாக்கின.

இந்த ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு சிறுகதைத் தொகுப்பை அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதல் கதையை நின்றபடியே படித்தும் முடித்தேன். விதிப்படி திரும்ப வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுகை வந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மகிழ்ச்சிக்காகப் படிப்பதில் முடிக்கும் கட்டாயம், எண்ணிக்கை, வரிசை எதுவுமே வேண்டாம். உங்கள் அனுபவம் என்ன?

கரிசல்காட்டான் | பிப்ரவரி 2, இரவு 10:35

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முழுதாக மறுக்கிறேன்.

எனக்கு 29 வயது. 24இலிருந்து 27 வரை நான் ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை. எந்த விதியும் இல்லாமல், பிடித்தபோது படிக்கலாம் என்று இருந்த காலம் அது. பிடித்தபோது கை கைபேசிக்குத்தான் போனது. படுத்தால் ரீல்ஸ், எழுந்தால் ரீல்ஸ். பிறகு ஒரு விதி போட்டேன்: காலையில் 20 பக்கம் படிக்காமல் கைபேசியைத் தொடுவதில்லை. 14 மாதமாக அப்படித்தான். இப்போது மகாபாரதத்தை ஜெயமோகன் நாவல்களாக எழுதிய வெண்முரசு வரிசையில் ஆறாவது நூலில் இருக்கிறேன். மொத்தம் 26 நூல்கள். பிடித்தால் படிப்போம் என்று இருந்திருந்தால் முதல் நூலைத் தாண்டியிருக்க மாட்டேன்.

பரண் காலத்தில் உங்களுக்கு விதி தேவைப்படவில்லை, சரி. அந்தப் பரணில் வேறு என்ன இருந்தது? புத்தகத்துக்குப் போட்டியே இல்லை. இன்று போட்டி சட்டைப் பையில் இருக்கிறது.

இன்னொன்று. உ.வே.சா.வின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைக் கையில் கொடுத்தபோது அது அவருக்கு எளிதாகவா இருந்தது? அதுவரை பெரிய படிப்பெல்லாம் படித்தவருக்கே பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. பிடிக்கவில்லை என்று மூடி வைத்திருந்தால் 1887இல் அந்த அச்சுப் பதிப்பு வந்திருக்குமா? கடினமானதைத் தாண்டினால்தான் சில இன்பங்கள் கிடைக்கும். அதற்குக் கட்டாயம் வேண்டும்.

மாலைரயில் | பிப்ரவரி 3, காலை 7:15

நான் செங்காந்தள் பக்கம். உளவியலில் இதற்குப் பழைய சான்று இருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் முன்பைவிடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. தானாக வந்த ஆசை, பரிசுக்கான வேலையாக மாறியதும் வற்றிவிட்டது.

2016இல் ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் எண்ணிக்கையைப் பற்றியே ஆராய்ந்தார். வண்ணம் தீட்டுவது, நடப்பது, படிப்பது என்று பார்த்ததில், எவ்வளவு செய்தோம் என்ற கணக்கு கண்முன் இருந்தவர்கள் கூடுதலாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். செங்காந்தளின் டிசம்பர் மாதம் அப்படியே இதுதான். 50 வந்தது, கதை போனது.

எனக்கும் அது நடந்தது. தினமும் தாம்பரத்திலிருந்து ரயிலில் போகிறேன். மின்நூலின் அடியில் தெரியும் சதவீதத்தை மறைத்து வைத்த நாளிலிருந்துதான் ஒரு வரியைத் திரும்பப் படிக்கும் பழக்கம் எனக்கு மீண்டது.

கரிசல்காட்டான் | பிப்ரவரி 3, காலை 8:02

நான் பரிசுக்காகப் படிக்கவில்லையே. எந்தச் செயலியிலும் கணக்கு இல்லை, யாருக்கும் காட்டுவதும் இல்லை. அந்த ஆய்வு என் 20 பக்கத்துக்குப் பொருந்தாது.

மாலைரயில் | பிப்ரவரி 3, காலை 8:20

பொருந்தும். 17ஆம் பக்கத்தில் மனதை உலுக்கும் ஒரு காட்சி வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வீர்களா, இல்லை மீதி மூன்றையும் முடிப்பீர்களா?

கரிசல்காட்டான் | பிப்ரவரி 3, காலை 8:31

முடிப்பேன். ம்... இதை யோசிக்க வேண்டும்.

தாமிரபரணி | பிப்ரவரி 3, பகல் 1:10

நடுவழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்தில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் சொன்னது: எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் கொடு, பிடிக்கவில்லையா, விட்டுவிடு. 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்துக்கொண்டு, வரும் எண்ணளவு பக்கம் படித்தால் போதும். எனக்கு 62. 38 பக்கம். வயதாக ஆக நேரம் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்ளும் கணக்கு என்பதால் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கரிசல்காட்டான் | பிப்ரவரி 3, பகல் 1:48

ஐயா, நாஞ்சில் நாட்டு வட்டார மொழியில் எழுதிய ஒரு நாவலில் எனக்குக் காது பழகவே 70 பக்கம் ஆனது. பாதிச் சொற்கள் புரியவில்லை. கோவில்பட்டிக்காரனுக்கு அது வேறு தமிழ். 50இல் விட்டிருந்தால் என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த வாசிப்பை இழந்திருப்பேன்.

செங்காந்தள் | பிப்ரவரி 3, இரவு 9:20

தம்பி, உ.வே.சா. கதையை நீங்கள் எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அதில் முன்பாதியும் இருக்கிறது. முதலியார் முதலில் "என்ன பாடம் கேட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஒரு பெரிய பட்டியலையே சொல்கிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. அந்த எண்ணிக்கை அவரிடம் எடுபடவில்லை. என் 50 புத்தகப் பட்டியலை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படித்தபோது என்னைத்தான் சொல்கிறார் என்று பட்டது.

சிந்தாமணியில் உ.வே.சா. பிடிவாதமாக நின்றது யாரோ சொன்ன இலக்குக்காக அல்ல. இதுவரை தெரியாத ஒரு பெரிய உலகம் அங்கே இருக்கிறது என்ற தவிப்பு. அந்தத் தவிப்பு இருந்தால் 70 பக்கம் என்ன, 700 பக்கமும் புரியாமல் படிக்கலாம். உங்களுக்கு நாஞ்சில் நாவலில் இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த 312 பக்கத்தில் அது ஒருநாளும் இல்லை. பாதியில் விட்டவள் என்ற பெயர் வாங்கக்கூடாது என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதலில் பிடிக்கவில்லை என்பது மட்டுமே விடுவதற்குப் போதுமான காரணம் அல்ல. அதை நான் என் பதிவில் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

கிளைநூலகர் | பிப்ரவரி 4, காலை 6:40

கிளை நூலகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் இங்கே பேசுவதற்குப் பொருத்தமானவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அவர் இவற்றை எங்களைப் போன்ற நூலகர்களுக்குக் கட்டளையாக எழுதினார், வாசகருக்கு அல்ல. கவனித்தீர்களா, நூலகத்துக்கு விதி போட்ட மனிதர் படிப்பவருக்கு ஒரு விதியும் போடவில்லை. அடுக்குகளைத் திறந்து விடுங்கள், அவர்களே எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கட்டும் என்பதுதான் அவர் பக்கம்.

திரும்பி வரும் புத்தகங்களில் பஸ் டிக்கெட் செருகியிருக்கும். 40ஆம் பக்கத்தில் ஒன்று, 110இல் ஒன்று. ஒரே புத்தகத்தில் மூன்று பேர் மூன்று இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். நான் அதைத் தோல்வியாக நினைத்ததே இல்லை. நாலாவது ஆள் வந்து அதே புத்தகத்தை முடித்துவிட்டு, "இவர் எழுதியது வேறு ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் காலையில் நூலகத்தைத் திறப்பேன்.

இன்னொருவர், ஓய்வு பெற்ற தபால்காரர். எனக்குத் தெரிந்து ஒரே சரித்திர நாவலின் ஐந்து பாகத்தையும் வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் போவார். புதிது கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அடுத்த நாளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழையதையே கேட்பார். உங்கள் செயலியில் அவருக்கு ஆண்டுக்கு எத்தனை புத்தகம் என்று வரும்?

சிலேட்டுப்பலகை | பிப்ரவரி 4, மாலை 5:30

ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை வகுப்பு அலமாரியிலிருந்து எதையாவது எடுத்துப் படிக்க விடுகிறேன். முதல் வாரம் ஒரு பெண் பிள்ளை ஏழு புத்தகத்தை மாற்றினாள். எழுவதும் உட்காருவதுமாகவே இருந்தாள். "ஒன்றை எடுத்தால் முடி" என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். எட்டாவதாக எடுத்தது ஒரு படக்கதை. மணி அடித்தும் எழவில்லை, தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

ஆனால் கரிசல்காட்டான் சொல்வதும் எனக்கு முக்கியம். அந்தப் பாடவேளை என்ற நேரம் இல்லை என்றால் எட்டாவது புத்தகமும் இல்லை. நேரத்தை நான்தான் கட்டாயமாக்கினேன். புத்தகத்தைக் கட்டாயமாக்கவில்லை.

குறிப்பு எழுதுவதில் மட்டும் செங்காந்தளோடு எனக்கு உடன்பாடில்லை. எனக்கு அது விதி இல்லை. பிடித்த வரியை நோட்டில் எழுதும்போது அந்த வரி இன்னொரு தடவை கிடைக்கிறது.

கரிசல்காட்டான் | பிப்ரவரி 4, இரவு 10:12

டீச்சர் சொன்னதில் என் விதி இரண்டாகப் பிரிகிறது. கைபேசிக்கு முன் புத்தகம் என்பது நேரத்துக்கான வேலி. அதை விடமாட்டேன், யார் சொன்னாலும். 20 என்ற எண் வேறு. நேற்று மாலைரயில் கேட்டதிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை ஆறாவது பக்கத்தில் ஒரு இடம் வந்தது. அதையே மூன்று தடவை படித்தேன். மணி ஏழரை ஆகிவிட்டது. 20 ஆகவில்லை.

எடுத்ததை முடிக்கவேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதற்குக் கடைசிப் பக்கம் வரை போவது நான் கொடுக்கும் மரியாதை.

செங்காந்தள் | பிப்ரவரி 5, காலை 6:05

எனக்கு மரியாதை என்பது வேறு மாதிரி தெரிகிறது தம்பி. ஐந்து மாதம் ஒருவரின் எழுத்தை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன், அது அவருக்கு நான் செய்த அவமரியாதை. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

நந்தனத்தில் திரும்ப வைத்த சிறுகதைத் தொகுப்பை நேற்றுப் பதிப்பகத்துக்குப் போன் செய்து வரவழைத்திருக்கிறேன். வந்ததும் நின்றபடி படித்த அந்த முதல் கதையையே முதலில் திரும்பப் படிப்பேன்.

கரிசல்காட்டான் | பிப்ரவரி 5, காலை 7:40

அக்கா, 312ஆம் பக்கத்தில் மூடிய அந்த நாவலை என்ன செய்யப் போகிறீர்கள்? சும்மா கிடப்பதாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அதற்கான வாசகன் நானாக இருக்கலாம்.

செங்காந்தள் | பிப்ரவரி 5, காலை 7:52

முகவரியைத் தனிச்செய்தியில் கொடுங்கள், சனிக்கிழமை தபாலில் போடுகிறேன். 312ஆம் பக்கத்தில் என் ரயில் சீட்டு ஒன்று இருக்கிறது, எடுக்காமலே அனுப்புகிறேன். அந்த இடத்துக்கு வந்ததும் எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.