சோதனை அறிக்கை பார்த்து நிறுவிய ஆண்டிவைரஸ்: உங்கள் அனுபவம் என்ன?

சர்வீஸ் கடைக்காரர், மதுரை:

பதினைந்து ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். எந்த ஆண்டிவைரஸ் நல்லது என்று கேட்பவர்களுக்கு, ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் மாக்டபர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட் ஆகிய ஆண்டிவைரஸ் சோதனைக்கூடங்களின் அறிக்கைகளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். கமிஷனைப் பார்த்துச் சொல்வதைவிட அது நேர்மை என்பது என் கொள்கை.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு ஜவுளிக்கடையிலிருந்து அழைப்பு வந்தது. பில் போடும் மென்பொருள் திறக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், நான் நிறுவிக் கொடுத்த ஆண்டிவைரஸே அதை வைரஸ் என்று முடிவுகட்டி, இயங்க முடியாதபடி ஒதுக்கி வைக்கும் குவாரன்டைனில் அடைத்திருந்தது. ஊர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. யார் எழுதியது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் கிடையாது. முந்தைய நாள்தான் ஜிஎஸ்டிக்காக ஏதோ மாற்றிக் கொடுத்திருக்கிறார். அறிமுகமில்லாத புதுக் கோப்பு என்று ஆண்டிவைரஸ் சந்தேகப்பட்டுவிட்டது. கடையில் கால் வைக்க இடமில்லை. முதலாளி அம்மா கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “நல்லது என்று நீங்கள்தானே தம்பி சொன்னீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு அந்த அறிக்கையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு கடைசிவரை படித்தேன். எத்தனை சதவீதம் தடுத்தது என்ற ஒரு வரியை மட்டுமே அதுவரை பார்த்து வந்திருக்கிறேன். நல்ல கோப்புகளைத் தவறாகப் பிடித்த கணக்கு தனியாக இருந்தது. பிடிபட்ட ஒவ்வொரு கோப்பையும் உலகில் ஏறத்தாழ எவ்வளவு பேர் வைத்திருப்பார்கள் என்ற மதிப்பீடும் இருந்தது. நான் பரிந்துரைத்த மென்பொருள் அந்தப் பட்டியலில் மற்றவற்றைவிட அதிகமாகத் தவறு செய்திருந்தது. அறிக்கை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: நம் ஊரில் முப்பது கடைகளில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருள் அந்தச் சோதனைக்கூடத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பள்ளி ஆசிரியை, ராமநாதபுரம்:

அண்ணா, எங்கள் கதை வேறு. பள்ளிக் கணினி அறையில் இணையம் வாரத்தில் பாதி நாள் இருக்காது. மாணவர்கள் பென்டிரைவில் கொண்டுவரும், கோப்புகளை மறைத்துவிட்டு அவற்றின் இடத்தில் போலி ஷார்ட்கட்டுகளைக் காட்டும் ஷார்ட்கட் வைரஸ்தான் எங்களுக்குத் தீராத தொல்லை. சோதனையில் 99 சதவீதத்துக்கு மேல் வாங்கிய மென்பொருளைத்தான் போட்டிருந்தோம். இருந்தும் ஒரே நாளில் பதினொரு கணினிகளில் பரவிவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகள் செய்து வைத்திருந்த செய்முறைக் கோப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய், அவர்கள் அழுதுவிட்டார்கள். மறைந்துதான் இருந்தன, பிறகு மீட்டுவிட்டோம். ஏவி-கம்பேரட்டிவ்ஸ் நடத்தும் ஒரு சோதனையில் இணைய இணைப்போடு எவ்வளவு, இணைப்பில்லாமல் எவ்வளவு என்று இரண்டு எண்களைத் தனித்தனியே தருகிறார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. சில மென்பொருள்களுக்கு இரண்டாவது எண் வெகுவாக இறங்கிவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்.

முன்னாள் வைரஸ் ஆய்வாளர், சென்னை:

ஒரு ஆண்டிவைரஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவன் நான். சோதனை முடிவு வரும் நாளில் அலுவலகம் தேர்வு முடிவு நாள்போல இருக்கும். 400 வைரஸ் மாதிரிகள் வைத்துச் செய்த சோதனையில் 99.5 சதவீதத்துக்கும் 99.75 சதவீதத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு கோப்பு. அந்த ஒன்றுக்காக நாங்கள் தூங்காமல் கிடந்திருக்கிறோம். வாங்குபவர் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

நிறுவனங்கள் பணம் கட்டித்தானே இவற்றில் சேர்கின்றன, எப்படி நம்புவது என்று பலர் கேட்பார்கள். பணம் கட்டுவது உண்மை. ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அதை மறைப்பதும் இல்லை. நான் நம்புவதற்குக் காரணம் 2015இல் நடந்தது. சீனாவின் ஆண்டிவைரஸ் நிறுவனமான கிஹூ 360, சோதனைக்கு அனுப்பிய பதிப்பில் பிட்டிஃபெண்டர் என்ற வேறொரு நிறுவனத்தின் எஞ்சினை, அதாவது வைரஸைக் கண்டுபிடிக்கும் பகுதியை, இயக்கி வைத்திருந்தது. மக்களுக்குக் கொடுத்த பதிப்பில் இயல்பாக இயங்கியதோ அதன் சொந்த எஞ்சின். ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஏவி-டெஸ்ட், வைரஸ் புல்லட்டின் ஆகிய மூன்று சோதனை அமைப்புகளும் சேர்ந்து அதை வெளிப்படையாக அறிவித்து, அந்த ஆண்டு அதுவரை வழங்கிய சான்றுகளைத் திரும்பப் பெற்றன. விலைபோகிற கூட்டம் இதைச் செய்யாது. அதே சமயம், சோதிக்கப்படுவதும் நம் கணினியில் இருப்பதும் ஒன்றுதானா என்ற கேள்வியை அன்று கற்றுக்கொண்டேன்.

பழைய அறிக்கையை வைத்து யாரையும் ஒதுக்கவும் கூடாது. மைக்ரோசாஃப்டின் ஆண்டிவைரஸான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் 2012 இறுதியில் ஏவி-டெஸ்ட் சான்றைத் தவறவிட்டது. 2019இல் அதே நிறுவனத்தின் டிஃபெண்டர் அங்கே 18 புள்ளிக்கு 18 வாங்கியது. ஓராண்டு அறிக்கைகளையாவது வரிசையாக வைத்துப் பாருங்கள்.

சர்வீஸ் கடைக்காரர், மதுரை:

நன்றி ஐயா, நன்றி ஆசிரியை. இப்போது எந்தக் கடைக்குப் போட்டாலும், அவர்களின் பில்லிங் மென்பொருளை ஒரு வாரம் என் கடைக் கணினியில் அதே ஆண்டிவைரஸோடு ஓடவிட்டுப் பார்க்கிறேன். மென்பொருள் எழுதிய தம்பியிடம் டிஜிட்டல் கையொப்பம் வாங்கச் சொன்னேன். ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டதும் தயங்கினார். பாதியை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தீபாவளிக்குள் வாங்கிவிட வேண்டும்.