சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்காரர்களே, நரம்பு வழியாக மருந்து ஏற்றும் ஐவி கோர்ஸில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் சம்பவம்: உங்களுக்கு எது?

உப்புத்தோல்:
சளி கூடியது, முதல் நொடியில் ஊதும் மூச்சின் அளவான எஃப்.இ.வி.1 இறங்கியது, டோப்ராமைசின், செஃப்டாசிடைம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் ஏறின. உங்களுக்குத் தெரிந்த கதைதான். உறுத்துவது, ரத்தத்தில் டோப்ரா எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் லெவலுக்கு ரத்தம் எடுத்த அந்த இரவு. நர்ஸ் இரண்டு கையிலும் நரம்பைத் தடவித் தடவிப் பார்த்தார், சிக்கவில்லை. “இதுலயே எடுத்துடலாம்” என்று, கை நரம்பில் வாரக்கணக்கில் விட்டுவைக்கும் குழாயான பிக் லைனின் மூடியைத் திருகினார். மருந்து ஏறிய அதே லைன்! சலைன் விட்டுக் கழுவினார்தான். ஆனால் குழாயின் உட்புறத்தில் டோப்ரா ஒட்டி நிற்கும், எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் கலந்துதான் வரும். ட்ரஃப், அதாவது அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் மிஞ்சும் அளவு, லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் 3-ஐத் தாண்டி வந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நார்மல். எங்கிருந்து எடுத்தது என்று சொன்னேன். “ரிப்போர்ட்ல இருக்கே” என்று டோஸைக் குறைத்துவிட்டார்கள். அடுத்த சாம்பிளைக் கையில் குத்தி எடுத்தார்கள். அளக்க முடியாத அளவுக்குக் கீழே. “பாத்தீங்களா, குறைச்சதும் இறங்கிடுச்சு!” சளி மட்டும் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது.

நடுராத்திரி இருமல்:
என் கதையில் லெவல் எல்லாம் சரியாகவே இருந்தது. கோர்ஸ் முடிந்து வீட்டில் காய்ச்சல் பார்க்கிறேன், தெர்மாமீட்டரை எடுக்கவே இல்லை. மனைவி அடுத்த அறையிலிருந்து “அது கத்துதே, கேக்கலையா?” என்றாள். கேட்கவில்லை. பேச்சு, டிவி எல்லாம் கேட்கிறது, அந்த பீப் மட்டும் இல்லை. காதுப் பரிசோதனையான ஆடியோகிராமில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு சரிந்து கிடந்தது. டோப்ரா மேல் ஸ்தாயியைத்தான் முதலில் தின்னும். பல வருடக் கோர்ஸ்களின் சேதம் சேர்ந்துகொண்டே வருமாம்.

மூன்றுவேளைக்காரன்:
உப்புத்தோல் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. டோஸ் குறைந்ததால்தான் சளி தெளியவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? லேப் தட்டில் மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று வந்தாலும் நம் நெஞ்சில் அடங்காமல் போவது சகஜம். எனக்கு முன்பு டோப்ரா மூன்று வேளை, பிறகு ஒரே வேளை. வித்தியாசம் தெரியவில்லை. கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டோப்ரா ரத்தத்தில் உச்ச அளவைத் தொடும்போது கிருமியை அடித்துக் கொல்கிற மருந்து, அதனால்தான் கிலோவுக்கு 10 மி.கி. என்று ஒரே டோஸாக ஏற்றுகிறார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த டாபிக் (TOPIC) என்ற ஆய்வில் ஒரு வேளையும் மூன்று வேளையும் நுரையீரலுக்குச் சமமாகவே இருந்தன. குழந்தைகளின் சிறுநீரகத்துக்கு ஒரு வேளையே மேல். செஃப்டாசிடைம் அதற்கு நேர்மாறு. கிருமியை அடக்கும் அளவுக்கு மேலே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. நம் உடம்போ மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் வேளை தவறாதீர்கள், நீண்ட நேரம் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். டோப்ரா ஏறும்போது ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை வேண்டாம். காதுக்கு, இந்த மருந்தால் காது எளிதில் போகவைக்கும், மைட்டோகாண்ட்ரியாவில் வரும் 1555 என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் தண்ணீர்...

உப்புத்தோல்:
அண்ணே, நான் டோஸ் வகுப்பு கேட்கவில்லை. சாம்பிளைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுக் குறைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். அதற்கு ஒரு வரி பதில் இல்லையே?

பலூன் பம்ப்:
நீண்ட நேரம் ஏற்றுவது பற்றி ஒன்று. எனக்கு செஃப்டாசிடைமை நாள் முழுக்க ஏறுகிற மாதிரி, பலூன் சுருங்கச் சுருங்க மருந்தைத் தள்ளும் பலூன் பம்பில் கொடுத்து அனுப்பினார்கள். குளிருக்குப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். விடியும் முன்பே பலூன் சுருங்கிவிட்டது, மிச்சம் இருந்தது நல்ல மஞ்சளாக மாறியிருந்தது. சூட்டில் பம்ப் வேகமாக ஓடும், மருந்தும் சிதையும் என்று பார்மசிஸ்ட் பிறகுதான் சொன்னார். மூன்றுவேளைக்காரன், நீங்கள் சொன்னதில் இது மட்டும் இல்லை. நீங்கள் பம்பை எங்கே வைத்துத் தூங்குவீர்கள்?