ஐந்து டாலர் பிராந்தி வரி: 1849இல் ஹவாய் மீது பிரான்ஸ் வைத்த குற்றச்சாட்டில் நியாயம் இருந்ததா?

தரவேடு:
1849 ஆகஸ்ட் மாதம் பிரெஞ்சுப் படை ஹொனலுலுக் கோட்டையில் இறங்கியதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே கதைதான். பிராந்தி விற்பதற்காக ஒரு வல்லரசு சின்ன ராஜ்யத்தை அடித்தது என்று முடித்துவிடுகிறார்கள். அடித்தது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரியைப் பற்றி பிரான்ஸ் எழுப்பிய கேள்வி சரியானது என்பது என் வாதம்.

பிரான்ஸும் ஹவாயும் செய்துகொண்ட 1846 மார்ச் 26 ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரெஞ்சுச் சரக்குகளுக்கு மதிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் வரி கூடாது. ஒயின், பிராந்தி, மற்ற மதுவகைகளுக்கு மட்டும் விலக்கு. அவற்றுக்கு ஹவாய் அரசு ‘நியாயமான’ வரி போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது இறக்குமதியையே முற்றாகத் தடுக்கும் அளவுக்குப் போகக் கூடாது. இவ்வளவு சொல்லிவிட்டு பிராந்திக்கு ஒரு கேலனுக்கு 5 டாலர் போட்டார்கள். சரக்கின் மதிப்பைப் பல மடங்கு தாண்டும் வரியை நியாயமானது என்று எப்படிச் சொல்வது? வாசலில் நிறுத்த முடியாத தடையைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

அலைவாசல்:
அந்தத் தடை ஏன் வாசலில் நிற்க முடியவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாமே. கதை 1839 ஜூலையில் தொடங்குகிறது. ஹவாய் மன்னர் மூன்றாம் கமேஹமேஹாவின் அரசு காய்ச்சி வடித்த மதுவின் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் போட்டிருந்தது. பிரெஞ்சுக் கேப்டன் லாப்லாஸ் ‘ஆர்தெமீஸ்’ போர்க்கப்பலோடு வந்து நின்றார். கத்தோலிக்கர்களைத் துன்புறுத்தியதற்காக வந்தேன் என்றார். அந்தக் குறை உண்மைதான். ஆனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன உடன்படிக்கையில் என்ன இருந்தது? பிரெஞ்சு ஒயினையும் பிராந்தியையும் தடுக்கக் கூடாது, 5 சதவீதத்துக்கு மேல் வரியும் கூடாது. நல்நடத்தைக்குப் பிணையாக 20,000 டாலரையும் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். மதச் சுதந்திரம் கேட்க வந்தவர் பிராந்திக்கு எதற்கு ஷரத்து எழுத வேண்டும்?

இப்போது இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1839இல் மதுவைப் பெயர் சொல்லி 5 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். 1846இல் அதே மதுவைப் பெயர் சொல்லி 5 சதவீதத்திலிருந்து வெளியே எடுத்தார்கள். இது தற்செயலாக நடக்காது. ஹவாய் மதுவுக்கு அதிக வரி போட விரும்புகிறது என்று தெரிந்துதான் பிரான்ஸ் கையெழுத்திட்டது. உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தியதும் மோசடி என்பது சரியா?

தரவேடு:
வரிசை சரிதான், நல்ல கவனிப்பு. ஆனால் அதிக வரி வேறு, அளவில்லாத வரி வேறு. எல்லை இல்லை என்றால் ‘நியாயமான’ என்ற சொல்லை எதற்கு எழுதினார்கள்? 1849இல் படையோடு வந்த பிரெஞ்சுத் தளபதி துரோமெலின் கேட்டது வரியை நீக்கச் சொல்லி அல்ல, பிராந்தி மதிப்பில் பாதியாகக் குறைக்கச் சொல்லி. அதாவது 50 சதவீதம். மற்றச் சரக்குகளின் வரியைப் போல் பத்து மடங்கு அது. அதையும் கொள்ளை என்பீர்களா?

இன்னொன்று, எல்லா நாட்டுக்கும் ஒரே வரி என்று ஹவாய் சொன்னது. காகிதத்தில் ஒன்றுதான். பிரான்ஸ் அங்கே விற்க விரும்பிய முக்கியச் சரக்கே மது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் விற்க வேறு பொருள்கள் இருந்தன. அடி யார் மேல் விழும்?

செம்பருத்தி:
ஒரு அரசு தன் நாட்டு வடிசாலையைக் காப்பாற்ற வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டால் உங்கள் வாதம் நிற்கும். ஹவாயில் உள்நாட்டில் சாராயம் காய்ச்சுவதே சட்டத்துக்குப் புறம்பு. யாரைக் காப்பாற்ற வரி?

மக்களைக் காப்பாற்றத்தான். 1848, 1849இல் தட்டம்மையும் கக்குவான் இருமலும் வந்து ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த நாடு அது. ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக் வந்த காலத்திலிருந்தே மக்கள்தொகை இறங்கிக்கொண்டிருந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஹொனலுலுவிலும் லஹைனாவிலும் வந்து நின்ற பருவத்தில் துறைமுகத் தெருக்களில் மது என்ன செய்தது என்பதை அந்த அரசு கண்ணால் பார்த்தது. கேலனுக்கு 5 டாலர் அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே கருவி. இதைச் சுங்கக் கணக்காக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை.

தரவேடு:
அந்த வேதனை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கொள்கைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிதி அமைச்சர் ஜெரிட் ஜட், அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் மிஷனோடு வந்த மருத்துவர். மதுவிலக்கு அந்த மிஷனின் கொள்கை. பிரெஞ்சுத் தூதர் தியோன் இதைத் தன் நாட்டுக்கும் மதத்துக்கும் எதிரான வேலையாகப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

அலைவாசல்:
அப்படியென்றால் வெளியுறவு அமைச்சர் வைலி? அவர் மிஷன்காரர் அல்ல, ஸ்காட்லாந்து வணிகர். பிரான்ஸுக்குப் பதில் எழுதியவர் அவர்தான். 5 டாலர் வரிக்குப் பிறகும் பிரெஞ்சு பிராந்தி இறக்குமதி நிற்கவில்லை, கூடியிருக்கிறது என்பது ஹவாயின் பதில். ‘முற்றாகத் தடுக்கும்’ என்ற சொல்லுக்கு அதைவிட நேரான மறுப்பு வேண்டுமா? அதோடு நிற்கவில்லை, நடுநிலை நாடு ஒன்றிடம் வழக்கை ஒப்படைப்போம் என்றும் சொன்னார்கள்.

துரோமெலின் கொடுத்த பத்துக் கோரிக்கைகளில் மதுவைக் கொண்டுவரும் பிரெஞ்சுத் திமிங்கிலக் கப்பல்களுக்கான விதியை நீக்கு என்பதும் ஒன்று. மதுக் கப்பலில் சரக்கு இறங்குவதைக் கண்காணிக்கும் சுங்க ஊழியருக்குக் கப்பலே கூலி தர வேண்டும் என்ற விதியை ரத்து செய் என்பது இன்னொன்று. வரி அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால் சுங்கக் காவலரின் கூலி வரை ஏன் இறங்க வேண்டும்?

உப்புக்காற்று:
கொஞ்சம் வெளியே போகிறேன், தொடர்பு இருக்கிறது. சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) இதே கதி. 1855இல் பிரிட்டனோடு செய்த பௌரிங் ஒப்பந்தம் இறக்குமதி வரியை 3 சதவீதத்தில் கட்டிப்போட்டது. உள்ளூர்ச் சாராயக் குத்தகையில் அரசுக்கு நல்ல வருமானம். வெளிநாட்டுச் சரக்கோ 3 சதவீதம் கட்டிவிட்டு உள்ளே வந்தது. மதுவுக்கென்று தனி ஏற்பாட்டுக்கு பிரிட்டன் ஒத்துக்கொண்டு 1883இல் கையெழுத்திடும்வரை இது ஓடியது. அங்கே பீரங்கி முழங்கவில்லை, 28 வருடம் ஆனது. தரவேடு, நடுவர் வழியில் போயிருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் ஏற்பேன். ஆனால் சின்ன நாடு காத்திருந்த காலத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது?

தரவேடு:
நடுவர் யோசனையை பிரான்ஸ் ஏற்காதது என் வாதத்தின் பலவீனமான இடம், ஒத்துக்கொள்கிறேன். ‘நியாயமான’ என்ற சொல்லில் பிரான்ஸ் வென்றிருக்கும் என்று இன்னும் நம்புகிறேன். வெல்லக்கூடிய வழக்கை நடுவரிடம் எடுத்துப் போகாமல், ஆகஸ்ட் 22இல் கோரிக்கை கொடுத்து 25இல் படையை இறக்கியதற்கு என்னிடம் பதில் இல்லை. இறக்குமதி கூடியது என்ற வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன். குடிப்பவன் எந்த விலை கொடுத்தும் வாங்குவான். அதனால் வரி நியாயமாகிவிடாது.

அலைவாசல்:
எந்த விலை கொடுத்தும் வாங்குகிறான் என்றால் வரி தடுக்கவில்லை என்றுதானே பொருள்? சரி, அந்த ஒரு சொல்லில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

அன்று நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன். எதிர்க்கக் கூடாது என்று அரசர் உத்தரவிட்டதால் கோட்டையில் சண்டை இல்லை. வெறிச்சோடிய கோட்டையில் பீரங்கிகளைப் பயனில்லாமல் ஆக்கினார்கள், வெடிமருந்தைக் கடலில் கொட்டினார்கள், ஆளுநர் வீட்டுச் சாமான்களை உடைத்தார்கள். பிரிட்டிஷ், அமெரிக்கத் தூதர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் நிற்கவில்லை. இழப்பு சுமார் 1,00,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள். நஷ்டஈடு கேட்க ஜட் இரண்டு இளவரசர்களோடு பாரிஸ் வரை போனார், ஒன்றும் கிடைக்கவில்லை. 1839இல் எடுத்துப் போன 20,000 டாலர் 1846இல் முத்திரை உடையாத பெட்டிகளிலேயே திரும்பி வந்தது. 1849இல் பிரெஞ்சுப் படை தாஹிட்டிக்குக் கொண்டு போன அரசரின் உல்லாசப் படகு திரும்பவே இல்லை.